துப்பாக்கி ஓட்டைக்கு வைக்காத கம்பி

வெள்ளத்தில் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்குள் கெளுத்தி மீன் நீந்திய வருஷத்துக்கு அடுத்த வருஷம் இது நடந்தது. காட்டுக்குள்ளிருந்து கம்யூனிஸ்டுகள் வந்து தோட்டங்களில் சுட்டுக்கொண்டிருந்த அவசரகாலம் என்பதால், தஞ்சோங் காராங் பக்கம் எங்கள் தோட்டத்தில் காவலுக்குக் கான்கிரீட் அறை கட்டினோம். சுவரில் துப்பாக்கி நீட்ட ஓட்டை விட்டோம். அதன் நாலு மூலையிலும் சாய்வாகக் கம்பி வைக்கச் சொன்னார் எங்கள் மேஸ்திரி மண்டோர். வெறும் ஓட்டைக்கு எதற்குக் கம்பி என்று நான் அவற்றைக் கோழிக்கூட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன்.

மறுமாதம் காவல்கார அண்ணன் துப்பாக்கியை ஓட்டையில் வைத்துச் சாய்ந்தார். கம்பி இல்லாமல் விரிசல் விட்டிருந்த மூலை உடைந்து அவர் காலில் விழுந்தது.

"சுட்டுட்டானுங்க மண்டோரே, கால் போச்சு" என்று படுத்துவிட்டார். தோட்டமே கட்டிலுக்கடியில் நுழைந்தது.

மண்டோர் உடைந்த இடத்தைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "கம்பி எங்கடா?"

"கோழிக்கு வச்சிட்டேன் ஐயா."

"அப்ப இனிமே கோழிய காவலுக்கு நிறுத்து லா."

நல்லவேளை, அண்ணனுக்குக் கட்டைவிரல் வீங்கியதோடு போயிற்று. இப்போது யார் வீட்டில் ஜன்னலுக்கு இடம் விட்டாலும், மூலைக் கம்பியைத் தொட்டுப் பார்த்த பிறகுதான் சிமெண்டு ஊற்ற விடுவேன். வீடு கட்டுகிறவர்களிடம் நீங்களும் சொல்லிவிடுங்கள்.