கெட்ட சேதிக்கு என் பெயர்

அடுத்தவர் படிவத்தை நிரப்பித் தருவது, அடுத்தவர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறுவது மாதிரி. எல்லாரும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள், குறையையும் நம்மிடம்தான் சொல்வார்கள். உத்தமபாளையத்தில் டைப் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த எனக்கு, 1997 வாக்கில் இந்த வேலை தானாக வந்து ஒட்டிக்கொண்டது. வெளிநாடு போகிறவர்கள் அங்கிருக்கும் நம் தூதரகத்தில் பெயர் பதிந்து வைத்தால், ஒரு ஆபத்து என்றால் தேட ஆள் உண்டு. மஸ்கட்டில் இருந்த என் தம்பி அதற்கான தாளைக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அதை நகலெடுத்து, இங்கேயே நிரப்பி, போய் இறங்கியதும் தபாலில் போடச் சொல்லி அனுப்புவேன். தபால் ஆபீசில் யாருக்கோ ஒரு பாரம் எழுதிக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தால் பின்னால் வரிசை நிற்பதைப் பார்த்துத் திகைத்திருக்கிறீர்களா? அப்படியானால் நீங்களும் நம்ம கட்சிதான்.

தங்கும் முகவரி

கம்பத்து அன்வர் குவைத்துக்குக் கிளம்பினான். அங்கே தங்கும் முகவரி என்ன என்று கேட்டேன். மாமா ரூம் என்றான். தெரு, கதவு எண் எதுவும் தெரியவில்லை. தெருப் பெயர் இல்லாமல் உன்னை எப்படித் தேடுவார்கள் என்று கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, எனக்காகப் பரிதாபப்பட்டான்.

"அக்கா, அங்கன எறங்கி எங்க மாமா பேரச் சொன்னாப் போதும், கம்பத்தாளு யாராச்சும் கூட்டிட்டுப் போயிருவாக. தேடி வாறவுகளையும் அதே மாதிரி கேக்கச் சொல்லுங்க."

உரக்கடை நம்பர்

அப்போது வீட்டுக்கு வீடு போன் ஏது? பொட்டிப்புரம் பக்கமிருந்து வந்தவர்கள் எல்லாரும் ஊர் உரக்கடை நம்பரையே கொடுத்தார்கள். நானும் பக்கத்தில், கூப்பிட்டால் ஆளை அழைத்துவந்து பேசவைப்பார்கள் என்பதற்கு அடையாளமாக 'பி.பி.' என்று போட்டு, பத்துப் பன்னிரண்டு தாளில் எழுதிவிட்டேன். ஒரு சித்திரை மாதம் அந்த உரக்கடைக்காரரே படியேறி வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நினைத்தேன். மனிதர் பொறுப்புத் தாங்காமல் இளைத்துப் போயிருந்தார்.

"நம்பரக் குடுத்தது தப்பில்ல டீச்சர். வீரபாண்டித் திருவிழாவுக்குக் கடையச் சாத்திட்டுப் போகலாமான்னு மட்டும் அந்த ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லுங்க."

அந்தக் கட்டம்

கூடலூரிலிருந்து குமுளிக்கு ஜீப் ஓட்டிய முருகேசன், ஓமனில் லாரி ஓட்டக் கிளம்பினார். தாளை நிரப்ப வந்தபோது மனைவி பேச்சியம்மாளும் கூட வந்திருந்தார். எல்லாம் ஒழுங்காக எழுதி வந்தேன். 'அவசர காலத்தில் தகவல் தெரிவிக்க வேண்டியவர்' என்ற கட்டத்தை வாசித்ததும், அந்த அம்மா தாளை வெடுக்கென்று பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிழைக்கப் போகிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது என்று சண்டை. இந்தக் கட்டத்தால் நான் வாங்கிய திட்டுகளுக்குக் கணக்கே இல்லை.

உங்கள் பெயரைத்தான் போட வேண்டும் என்றேன். கூடவே கூடாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எங்கள் பக்கம் கெட்ட சேதியைப் பெண்டாட்டியிடம் எடுத்ததும் சொல்ல மாட்டார்கள். வேண்டிய ஒருவர் நேரில் வந்து, உட்காரவைத்து, நல்லாத்தான் இருக்கார், லேசாக உடம்பு சரியில்லை என்று ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விஷயத்துக்கு வருவார்கள். முருகேசனுக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. பேச்சியம்மாள் யோசித்து யோசித்துக் கடைசியில் என்னைப் பார்த்தார்.

"அப்ப உங்க பேரையே எழுதிக்கிருங்க டீச்சர். நல்ல சேதின்னா அவுகளே எனக்குப் பேசுவாக. வேற ஏதும்னா நீங்க வந்து பக்குவமாச் சொல்லுங்க."

உறவுமுறை

என் பெயரை எழுதினேன். 'உறவு' என்ற இடத்தில் தங்கை என்று போட்டேன். விஷயம் பரவிவிட்டது. அந்தக் கட்டத்துக்குப் பயந்தவர்கள் எல்லாரும் என் பெயரையும் இன்ஸ்டிடியூட் போன் நம்பரையும் எழுதிப் போனார்கள். ஒருநாள், நிரப்பிய தாள்களில் நான் எடுத்து வைத்திருந்த நகல்களை அடுக்கி வைத்த என் வீட்டுக்காரர், ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

"எனக்கு இத்தனை மச்சினன் இருக்கது இம்புட்டு நாளாத் தெரியாமப் போச்சே."

எத்தனை நாள்

பிறகு கம்ப்யூட்டர் வாங்கி, பதிவை அதிலேயே செய்ய ஆரம்பித்தேன். திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் மகளைப் பார்க்கப் போகிறேன் என்று வந்தார். எத்தனை நாள் தங்குவீர்கள் என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணிப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"மருமகன் மொகம் மாறுற வரைக்கும்னு போடுங்க."

மூன்று நாள்

2007இல் ஓமனில் புயல் அடித்தது. முருகேசன் இருந்தது கடலோர ஊர். லைன் கிடைக்கவில்லை. பேச்சியம்மாள் காலையும் மாலையும் எனக்குப் போன் செய்தார். ஏதும் வரவில்லை என்று நான் சொன்னதும், அப்ப நல்லா இருக்காக என்று அவரே சொல்லிக்கொண்டு வைத்துவிடுவார். எனக்கோ ஒவ்வொரு போன் மணியும் அந்தச் சேதிதானோ என்று பட்டது. எடுக்கும் முன் மனசுக்குள், உட்காருங்க, தண்ணி குடிங்க என்று ஒத்திகை பார்த்தேன். எனக்கு எதற்கு இந்த வேலை என்று அழுதும் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் தூதரகத்திலிருந்து ஒருவர் பேசினார். மலையாளம் கலந்த தமிழ். பதிந்த பட்டியலை வைத்து ஒவ்வொருவராகத் தேடியதில், முருகேசன் ஒரு பள்ளிக்கூட முகாமில் பத்திரமாக இருப்பது தெரிந்ததாம். முகாம் நம்பரையும் கொடுத்தார். கையில் கிடைத்த தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். வைக்கும் முன் அவர் கொஞ்சம் தயங்கினார்.

"சேச்சி, உங்க நம்பர்ல வேற நாலு அண்ணன்மார் உண்டு. அவங்களும் சுகம்தான்."

கூடலூர்

மற்ற நாலு வீட்டுக்கும் போனில் சொன்னேன். பேச்சியம்மாளுக்கும் அப்படியே சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று நாள் என்னோடு சேர்ந்து தவித்த அந்த முகம் மலர்வதை நேரில் பார்க்க ஆசைப்பட்டேன். உடனே பஸ் ஏறினேன்.

தெருமுனையில் நான் திரும்பியதுமே பேச்சியம்மாள் என்னைப் பார்த்துவிட்டார். நின்ற இடத்திலேயே அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா மார்பில் அடித்துக்கொள்ள, தெரு கூடிவிட்டது. முருகேசன் நல்லாத்தான் இருக்கார் என்று ஓடிக்கொண்டே கத்தினேன். அழுகை இன்னும் கூடியது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கெட்ட சேதியை எல்லாரும் அப்படித்தானே ஆரம்பிப்பார்கள். டீச்சர் பக்குவமாச் சொல்றாக என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

ஒருவரிடம் செல்போன் வாங்கி முகாமுக்குப் போட்டேன். ஆளைக் கூப்பிட்டு வர யுகமாயிற்று. மறுமுனையில் முருகேசன் குரல் கேட்டது. பேச்சியம்மாள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு தேம்பினார். பிறகு, சாப்பிட்டீகளா என்று கேட்டார். பேசி முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல சேதிக்கு யாராச்சும் நேர்ல வருவாகளா டீச்சர்?"

அன்றிலிருந்து கூடலூரில் கல்யாணம் என்றால்கூட, நல்லதுக்குத்தான் வருகிறேன் என்று முதல் நாளே போன் போட்டுச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன்.