கால்மணி திறந்து பார்த்த ஸ்டீயரிங்

பட்டறையில் அவளைக் கால்மணி என்றால்தான் தெரியும். வயதில் சின்னவர்களுக்குக் கால்மணி அக்கா. முதலாளிக்குக் கோபம் வந்துவிட்டால் மட்டும், "எங்கய்யா அந்தக் கால்மணி?" என்று மொட்டையாகக் கத்துவார். அவள் பாட்டுக்கு முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருப்பாள்.

அது பழைய ஸ்போர்ட்ஸ் கார்களை மட்டும் பார்க்கும் பட்டறை. இரண்டே இருக்கைகள், தரையோடு தரையாக உட்காரும் உடம்பு, ஏறி இறங்கினால் முழங்கால் இரண்டும் முனகும். இருபத்திரண்டு வருடமாக அங்கே ஒயரிங் வேலை அவளுடையது. ஸ்டீயரிங்குக்குள் ஏர்பேக், அதாவது மோதினால் விரிந்து முகத்தைத் தாங்கும் காற்றுப் பை, இருக்கும் வண்டியென்றால் அதைக் கழற்றுவதற்கு முன்னால் பேட்டரி ஒயரைப் பிடுங்க வேண்டும். பிடுங்கியதும் கை வைத்துவிடக் கூடாது. உள்ளே கொஞ்சம் மின்சாரம் மிச்சமிருக்கும், அது வடிய வேண்டும். வடிவதற்குள் கை வைத்தால் பை வெடித்துத் திறந்துவிடும்.

அவள் சேர்ந்த இரண்டாம் வருடம், மூத்த மெக்கானிக் ஒருவர் அவசரப்பட்டார். பை வெடித்தது. அவர் கையிலிருந்த ஸ்பானர் கூரைத் தகரத்தைப் பொத்துக்கொண்டு போனது. மணிக்கட்டு எலும்பு விலகி, இரண்டு நாள் ஒரு காது கேட்காமல் கிடந்தார். அன்றிலிருந்து கால்மணி பேட்டரி ஒயரைப் பிடுங்கிவிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பார்ப்பாள். முழுசாகப் பதினைந்து நிமிடம். அதற்குள் ராஜாவே வந்து நின்றாலும் ஸ்டீயரிங்கைத் தொட மாட்டாள்.

"புத்தகத்துல மூணு நிமிஷம்னுதானே போட்டிருக்கு?" என்று முதலாளி தலையில் அடித்துக்கொள்வார்.

"புத்தகம் எழுதினவர் கை அவரோடயே இருக்கட்டும் முதலாளி. என் கை எனக்கு வேணும்."

பழைய ஸ்போர்ட்ஸ் கார்க்காரர்களுக்கு ஏர்பேக் என்றாலே இளக்காரம். தடித்த, அழகில்லாத ஸ்டீயரிங் என்று கழற்றிப் போட்டுவிட்டு, மெலிந்த மர ஸ்டீயரிங் மாட்டச் சொல்லி வருவார்கள். அவள் மறுத்துப் பேச மாட்டாள். "மர ஸ்டீயரிங் ரொம்ப அழகு சார். பல் டாக்டருக்கும் பிடிக்கும்," என்பாள். பாதிப் பேர் முறைத்துவிட்டுப் போவார்கள். மீதிப் பேர் யோசித்துவிட்டு மறுநாள் வந்து, இருக்கிறதே இருக்கட்டும் என்பார்கள்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே மகள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. வண்டி ஓட்டுவதில் அம்மாவையே மிஞ்சியவள். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் பையன் ஒருவனை அவளுக்குப் பிடித்துப்போனது. பையன் தங்கம். ஆனால் அவனுடைய அம்மா ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. அவர் ஒரு அறைக்குள் நுழைந்தால் நாற்காலிகள்கூட நேராக நிற்கும் என்று கால்மணி தன் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். வீட்டுக்காரர் தையல்காரர், பயந்த சுபாவம். அவர் சிரிக்கவில்லை.

கல்யாணத் தேதி பேச அம்மாவும் பிள்ளையும் வந்தார்கள். வந்தது ஒரு நீலநிற ஸ்போர்ட்ஸ் காரில். இருபத்தைந்து வயதுக் கார், ஆனால் நேற்றுக் குளிப்பாட்டினது போல மின்னியது. இறங்கியதும் பையன் சாவியை மகளிடம் நீட்டினான்.

"உனக்குத்தான். தினம் வேலைக்குப் போய்ட்டு வர."

மகளுக்குத் தலைகால் புரியவில்லை. அக்கம்பக்கத்தில் நான்கு ஜன்னல் திறந்தது. தலைமையாசிரியைக்குப் பெருமை பிடிபடவில்லை. "ஒரு வருஷம் அலைஞ்சு, பார்த்துப் பார்த்து வாங்கினான்," என்றார்.

கால்மணி சும்மா இருப்பாளா? தொழில் புத்தி. நைசாகச் சாவியை வாங்கி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். சாவியைப் பாதி திருப்பினாள், இன்ஜினை எழுப்பவில்லை. ஸ்டீயரிங்குக்கு முன்னால் இன்ஜின் ஆயிலுக்கான எண்ணெய் விளக்கு எரிந்தது, இன்ஜின் ஓடினால்தான் அது அணையும். பக்கத்தில் ஏர்பேக் விளக்கும் எரிந்தது. ஏர்பேக் விளக்கு ஆறு நொடியில் தானாக அணைய வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அது சொல்லும் விதம் அது. அவள் வாய்க்குள் எண்ணினாள். ஆறு. பத்து. இருபது. விளக்கு அணையவில்லை.

இன்ஜினை எழுப்பினாள். எண்ணெய் விளக்கு அணைந்தது. அதே நொடியில் ஏர்பேக் விளக்கும் அணைந்தது. கையைக் கோத்துக்கொண்டு போனது போல இரண்டும் ஒன்றாக.

மூன்று தடவை செய்து பார்த்தாள். மூன்று தடவையும் அப்படியே. யாரோ ஏர்பேக் விளக்கின் ஒயரை எண்ணெய் விளக்கோடு முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். ஏறியதும் இன்ஜினை எழுப்புகிறவர்களுக்கு விளக்கு வந்து போவது மட்டும்தான் தெரியும். எழுப்பாமல் உட்கார்ந்து எண்ணுகிறவள் ஊரில் ஒருத்திதான்.

இறங்கி வந்தாள். நயமாகச் சொல்லியிருக்கலாம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு அதெல்லாம் எங்கே வருகிறது?

"மாப்பிள்ளை, இந்த வண்டியில என் பொண்ணு ஏற மாட்டா."

எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏன், கலர் பிடிக்கலையா?" என்றார் தலைமையாசிரியை.

"கலர் நல்லாத்தான் இருக்கு. ஸ்டீயரிங்குக்குள்ள ஏர்பேக் இல்லை."

"பிரிக்காமலே உள்ள என்ன இருக்குன்னு சொல்லிடுவீங்களா?"

"விளக்கு சொல்லுதும்மா. பொய் சொல்ல வச்சிருக்காங்க அதை."

"இருந்துச்சுன்னா?"

"இருந்துச்சுன்னா இந்தத் தெருவுலயே உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

"மன்னிப்பு எனக்கு எதுக்கு? ஆசையா கொண்டுவந்த பரிசை நாலு பேர் முன்னாடி குறை சொல்ற வீட்டுல என் பையன் எப்படி வந்து போவான்? உள்ள பை இருந்துச்சுன்னா, தேதி பேச வேண்டாம். நாங்க கிளம்பறோம்."

பையன், "அம்மா..." என்று இழுத்தான். அவர் அவனைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவுதான், வாயை மூடிக்கொண்டான்.

மகள் அம்மாவை ஓரமாக இழுத்துப் போனாள். முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா, நிச்சயமா தெரியுமா உனக்கு?"

நிச்சயமாகவா? விளக்கில் தில்லுமுல்லு நடந்திருக்கிறது, அது நிச்சயம். ஆனால் விளக்கை மட்டும் ஏமாற்றிவிட்டுப் பையை உள்ளேயே விட்டுவைத்திருக்கவும் கூடும். அப்படியும் வண்டிகளைப் பார்த்திருக்கிறாள். வாயை விட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. தன் நாக்கின் மேலேயே அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"பிரிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். ஆனா பார்க்காம உன்னை ஏத்த மாட்டேன். என்னைத் திட்டிக்கோ."

வீட்டுக்குள் போய்க் கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தாள். பேட்டரி ஒயரைப் பிடுங்கினாள். கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு வாசல்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

ஐந்து நிமிடம் போனது. எதிர்வீட்டுக்காரர் நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வீட்டுக்காரர் குனிந்து அவள் காதில், "இன்னைக்கு மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கயேன்," என்றார். அவள் அசையவில்லை.

தலைமையாசிரியைக்குப் பொறுமை போய்விட்டது. "என்ன நடக்குது இங்கே?"

"கால்மணி நேரம் காத்திருக்கணும் அம்மா. இல்லைன்னா பை வெடிச்சுடும்."

"நீங்கதானே பை இல்லைன்னு சொன்னீங்க. இல்லாத பைக்கு எதுக்குக் காத்திருக்கணும்?"

எதிர்வீட்டுக்காரர் களுக்கென்று சிரித்தார். கால்மணிக்குக் காது மடல் வரைக்கும் சூடேறியது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

"நான் தப்பாவும் இருக்கலாம் இல்லையா. நான் சொன்னதை நானே நம்பிக் கையை வச்சு, அது தப்பாப்போச்சுன்னா கை போயிடும். இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் வேலை பார்க்கறேன். உங்களுக்காகவும் மாத்த முடியாதும்மா."

தலைமையாசிரியை எதிர்வீட்டுக்காரரிடம் போய், "கொஞ்சம் எழுந்திருங்க," என்று நாற்காலியை வாங்கிக்கொண்டு வந்து, கால்மணிக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மீதிப் பத்து நிமிடமும் அவரே தன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆச்சு," என்றார் கடைசியில்.

ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு திருகுகள். இரண்டையும் கழற்றி, நடுமூடியை இரண்டு கையாலும் பிடித்து மெல்ல இழுத்தாள். எடை தெரிந்த கை அது. உள்ளே பை இருந்தால் மூடி கனக்கும். இது ஊதினால் பறந்துவிடும் போல வந்தது. அந்த நொடியே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருப்பிக் காட்டினாள். பை இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சும், நாலாக மடித்த சாம்பல்நிறத் துணியும் பசை போட்டு ஒட்டியிருந்தன. அதற்குப் பின்னால் இரும்பு. ஏர்பேக்கின் மஞ்சள் ஒயர் நறுக்கப்பட்டு, முனையில் டேப் சுற்றித் தொங்கியது.

வீட்டுக்காரர் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். அன்றைக்கு அவர் சத்தமாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான். "சோபா தைக்கிற துணி. அதுலயும் மட்டம்."

பழைய பை எப்போதோ ஒரு விபத்தில் வெடித்திருக்க வேண்டும். புதியது வாங்கிப் போடாமல், வண்டி விற்கிற ஆள் இந்த வேலையைச் செய்திருக்கிறான். பையன் மூடியைக் கையில் வாங்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அத்தை, இதுல அவளை நானே ஏத்தி அனுப்பியிருப்பேனே."

"உங்க மேல தப்பில்லை மாப்பிள்ளை. இதைக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னுதானே செஞ்சிருக்கான்," என்றாள் கால்மணி. மார்தட்டிக்கொள்ளலாம் போல உள்ளே துள்ளியது. பையனின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

தலைமையாசிரியை அந்தத் துணியைப் பிய்த்தெடுத்து, மடித்து, தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "உள்ள போய்த் தேதி பேசலாம், சம்பந்தி," என்றார்.

மறுநாள் காலை கடை திறக்கும்போதே அந்த விற்பனையாளன் முன்னால் போய்த் துணியை மேசையில் விரித்துவிட்டார். அவன் அவரிடம் படித்தவன் என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்ததாம். உட்கார்ந்திருந்தவன் எழுந்தவன்தான், அவர் கிளம்பும்வரை உட்காரவில்லையாம். புதுப் பை, மோதலை உணரும் பெட்டி, புது பெல்ட்டுகள் எல்லாவற்றையும் கார் செய்த கம்பெனியிடமிருந்தே தன் செலவில் தருவித்துக் கொடுப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டான். எழுத்துப்பிழையைத் திருத்தி இரண்டாம் தடவை எழுதவைத்தார் என்று பையன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பெட்டிகள் வந்துசேர ஏழு வாரம் ஆனது. அதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. மகள் ஏழு வாரமும் பஸ்ஸில் போனாள், முணுமுணுத்துக்கொண்டேதான். கால்மணி ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பட்டறையில் தனியாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாட்டினாள். நறுக்கிய ஒயரை ஒட்டுப்போடவில்லை, முழுசாகவே புதிது போட்டாள். எண்ணெய் விளக்கோடு போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். சாயங்காலம் சாவியைப் பாதி திருப்பினாள். ஏர்பேக் விளக்கு எரிந்தது. ஆறு நொடி. தானாக அணைந்தது. எண்ணெய் விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. அவள் யாருமில்லாத பட்டறையில் வாய்விட்டு, "அப்படிப் போடு," என்றாள்.

பதினோரு மாதம் கழித்து ஒரு பிற்பகலில் மாப்பிள்ளை போன் செய்தான். மகள் வேலையிலிருந்து திரும்பும்போது, சந்திலிருந்து ஒரு வேன் நிற்காமல் பாய்ந்து வந்திருக்கிறது. இவள் வண்டி மூக்கோடு அதில் மோதியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறாள். அவன் சொன்னதில் அதற்கு மேல் எதுவும் கால்மணியின் காதில் ஏறவில்லை. எப்படி ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். மூக்கு வீங்கியிருந்தது. பை உரசிய முன்னங்கைகளில் சிவப்பாகச் சிராய்ப்பு. பெல்ட் பிடித்த தோளில் வலி. வேறொன்றும் இல்லை, சாயங்காலம் வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார்.

"அம்மா, வண்டி போச்சும்மா," என்று மகள் விசும்பினாள். "முன்னாடி மொத்தமும் போச்சு. என் வண்டி."

கால்மணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மகளின் தலையைப் பிடித்து, நெற்றியை, கன்னத்தை, தாடையை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "போகட்டும்டி. போகட்டும். தகரம்தானே," என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னாள்.

மறுநாள் வண்டியைப் பார்க்க அவளும் தலைமையாசிரியையும் போனார்கள். மோதிய வண்டிகளை இழுத்துவந்து போடும் திடல் அது. நீலக் காரின் மூக்கு இருந்த இடமே தெரியவில்லை. கால்மணி வளைந்த கதவை இழுத்துத் திறந்தாள்.

ஸ்டீயரிங்கிலிருந்து பை காற்றிறங்கித் தொங்கியது. அவள் அதைத் தூக்கி இரண்டு கையாலும் விரித்தாள். வெள்ளைத் துணியில் மகளின் முகம் பதிந்திருந்தது. இரண்டு கண் மை, உதட்டுச் சாயம், நடுவில் கொஞ்சம் மூக்கு ரத்தம். எங்கே பட்டதோ அங்கே அப்படியே.

தலைமையாசிரியை அதைப் பார்த்தார். அதற்குப் பின்னால் இருந்த இரும்பைப் பார்த்தார். கால்மணியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இந்த முகம் அதுல பட்டிருக்கும், சம்பந்தி."

"படலையே," என்றாள் கால்மணி.