மூன்றாவது கம்ப்ரஸர்

இந்த நாட்டில் லாரி டிரைவர்கள் நட்ட நடு வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இறங்குகிறார்கள். வெளியே கதவின் இரும்பைத் தொட்டால் தோல் உரியும்; உள்ளே மார்கழி மாதம். நம்மூரில் சொன்னால் கதை விடுகிறான் என்பீர்கள். அந்த மார்கழியைக் கெடாமல் வைத்திருப்பதுதான் குவைத்தில் எனக்கு வேலை. டிரெய்லர் லாரிகளின் ஏசியில் பெல்ட் மாற்றுவேன், கேஸ் நிரப்புவேன், செத்துப்போன கம்ப்ரஸரைக் கழற்றிப் புதிது மாட்டுவேன். திருக்கனூரில் பிறந்து கடலூர் ஐஸ் பேக்டரியில் எடுபிடியாக இருந்தவன், விமானம் ஏறியதும் மெக்கானிக் ஆகிவிட்டேன்.

எங்கள் கம்பெனிக்கு அந்தோணி அண்ணன் டிரைவராக வந்தார். வில்லியனூர் பக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஊரில் கரும்பு லாரி ஓட்டியவர். அந்த லாரிக்குக் கதவில் கண்ணாடியே கிடையாது. எந்த டயரில் காற்று குறைகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாராம். இங்கேயும் ஏசியைப் போட்டுவிட்டு, இரண்டு பக்கக் கண்ணாடியையும் இறக்கிவிட்டுத்தான் ஓட்டினார். கேபின் குளிர்ந்தால்தான் கம்ப்ரஸர் தானாக நின்று மூச்சு வாங்கும். பாலைவனம் முழுவதையும் அது எப்படிக் குளிர வைக்கும்? ஓயாமல் ஓடி ஓடி, ஒரே கோடையில் இரண்டு கம்ப்ரஸர் போயின.

"இன்னாண்ணா இது, கண்ணாடிய ஏத்திக்கினு ஓட்டக்கூடாதா?"

"ஏத்தினா காது அடச்சிக்குதுபா. டயரு சத்தம் கேக்காம எப்டி வண்டி ஓட்றது?"

"அப்ப ஏசிய நிறுத்துண்ணா."

"வேகுதுபா."

இந்த மனுஷனிடம் என்ன பேசுவது? பிடித்த முயலுக்கு மூன்று கால்.

பழுதின் காரணத்தை அட்டையில் எழுத வேண்டும். இரண்டு தடவையும் சாமான் சரியில்லை என்று எழுதிக் காப்பாற்றினேன். மூன்றாவதும் போனபோது போர்மேனே என் பக்கத்தில் வந்து நின்றார். எகிப்துக்காரர், தங்கமான மனுஷர். டிரைவர் மேல் தப்பு என்றால் ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தோணி அண்ணனோ வந்து எட்டு மாதம்தான். ஊரில் ஜன்னல் மட்டத்தோடு நிற்கும் வீட்டை முடிக்கத்தான் வந்தவர். அன்றைக்கு என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. நம்மூர் முதலாளியிடம் 'பாவம் சார், பயந்த சுபாவம்' என்றால் இரண்டு திட்டு திட்டிவிட்டு விட்டுவிடுவார். அதே வித்தையை இங்கே காட்டினேன். கண்ணாடியைச் சாத்தினாலே அவருக்குப் பயம், பாவம் என்று பாதி அரபியிலும் பாதி இந்தியிலும் சொன்னேன். போர்மேன் "மிஸ்கீன்" என்று தலையை ஆட்டினார். அதற்கும் பாவம் என்றுதான் அர்த்தம். அப்பாடா, தப்பித்தோம் என்று நினைத்தேன்.

மறுவாரமே அந்தோணி அண்ணனை ஊருக்கு அனுப்பினார்கள். ஓடிப்போய்க் கேட்டேன். பயப்படுகிறவனைப் பாலைவனத்தில் தனியாக விடுவது பாவம், என் தம்பியாக இருந்தாலும் இதைத்தான் செய்வேன் என்றார் போர்மேன். நான் சொன்னது பொய், அவருக்குப் பயமே கிடையாது என்று கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். சிநேகிதனுக்காகப் பேசுகிறாய், நல்லவன் நீ என்று முதுகில் தட்டினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய்ப் போனது. நல்லவர்களிடம் மாட்டிக்கொண்டால் சண்டை போடக்கூட வழியில்லை.

போன மாதம் லீவில் ஊருக்குப் போனவன், மதகடிப்பட்டில் பஸ் மாற இறங்கினேன். கரும்பு ஏற்றிய டிராக்டரை ஓரங்கட்டிவிட்டு ஒருவர் ஓடி வந்தார். அந்தோணி அண்ணன்தான். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"எனுக்கோசரம் அந்த எகிப்துகாரனாண்ட மல்லுக்கு நின்னியாமே. பசங்க லெட்டர் போட்டானுங்க. வூடு அப்டியே நிக்குதுபா, மேல ஓலதான் போட்ருக்கேன். இன்னொரு வாட்டி பேசிப் பாரேன். நீ சொன்னா கேப்பான்."

"சொல்றேண்ணா" என்றேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

"ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் வூட்டுக்கு வா. சோறு துன்னுட்டுதான் போவணும்."

லீவு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. மறுநாளே டிக்கெட்டை முன்னால் மாற்றிக்கொண்டேன். "வந்த காலு ஆறல, அதுக்குள்ள இன்னாடா? அங்க யாருடா உன்னத் தேடறாங்க?" என்று அம்மா கேட்டாள். யாரும் தேடவில்லை, அதனால்தான் போகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் வீட்டில் எனக்கு இலை போட்டுக் காத்திருந்திருப்பார்கள். நான் விமானத்தில் இருந்தேன். குனிந்து பார்த்தேன், கீழே எந்த ஊரும் தெரியவில்லை.