மிதந்த அரிசியும் லைப்ரரி டீச்சரும்

என் கையால் சாப்பிட்ட பிள்ளைகள் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இருக்கிறார்கள். பெருமைக்குத்தான் சொல்கிறேன். போன வருஷம் வரைக்கும் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் சத்துணவுச் சமையல் என்னுடையது. என் சோற்றில் கல் கடிபட்டது என்று ஒரு பிள்ளை சொன்னது கிடையாது. நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் அரிசியை முறத்தில் கொட்டினால் என் கண்ணுக்கு எதுவும் தப்பாது.

சமையல் கூடத்துக்கு எதிரே லைப்ரரி. என் தாளிப்பு வாசனை அங்கே போகும், அங்கே பேசுவது எனக்குக் கேட்கும். முன்பெல்லாம் அந்த அறை பூட்டியே கிடக்கும். புத்தகம் கிழிந்துவிடுமாம், அதனால் பீரோவைத் திறக்கவே மாட்டார்கள். விழுப்புரத்திலிருந்து தினமும் ரயிலில் வருகிற ஒரு டீச்சர் பொறுப்புக்கு வந்த பிறகுதான் பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, இஷ்டப்படி படித்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டர்களும் வந்து இறங்கின.

"இனிமே எல்லாம் போன்லயே இருக்குது. உங்களுக்கு இன்னா டீச்சர் வேலை?" என்று வாட்ச்மேன் கேலி பண்ணுவார்.

"எல்லாமே இருக்குதுல்ல, அதாண்ணா வேலையே" என்பார் டீச்சர். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

அந்த வருஷம் வந்த அரிசியில் புதுசாக ஒன்றைப் பார்த்தேன். இங்கொன்றும் அங்கொன்றுமாக வெளுத்த மணிகள். களையும்போது மேலே மிதந்தன. சத்து அரிசி கலந்து வரும் என்று யாரோ காதில் போட்டிருந்தார்கள். இதுதான் அது என்று காட்டித் தரவில்லை. வேற்று மணி கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. பொறுக்கி ஒரு கிண்ணத்தில் போட்டு, வீட்டுக் கோழிக்கு எடுத்துப் போவேன்.

ஒருநாள் உலை கொதிக்கிற நேரம், ஏழெட்டுத் தாய்மார்கள் என் வாசலில் வந்து நின்றார்கள். வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் விட்டு வந்திருந்தார்கள், கையெல்லாம் மண். முன்னால் நின்றவள் எட்டாம் வகுப்புப் பிள்ளையின் அம்மா.

"இன்னாம்மா, எங்க பிள்ளைங்களுக்கு பிளாஸ்டிக் அரிசியா ஆக்கிப் போடுற?" என்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஒரு பெரிய பாத்திரத்தில் அரிசி மிதக்கிறது. திண்டிவனத்துப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு விஷம் போடுகிறார்கள் என்று ஒரு ஆம்பளைக் குரல் கத்துகிறது.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் கண் கிண்ணத்தில் விழுந்துவிட்டது.

"இதோ பாருங்கடி! தனியா பொறுக்கி வச்சிக்கினு இருக்குது. அதுக்கே தெரிஞ்சிருக்குது!"

எத்தனை வருஷத்து நல்ல பேர், என் சுத்தமே அதைக் கெடுக்கப் பார்த்தது. "எங்க பிள்ளைங்க இங்க சாப்புடாது, கூட்டிக்கினு போறோம்" என்றார்கள். காலையில் வெறும் டீ குடித்துவிட்டு ஓடிவருகிற பிள்ளைகள் அவை. மத்தியானம் இதையும் விட்டால் என்ன ஆகும்?

சத்தம் கேட்டு எதிரே இருந்து டீச்சர் வந்தார். யாரையும் அதட்டவில்லை.

"அந்தக் கிண்ணத்த எடுத்துக்கினு எல்லாரும் லைப்ரரிக்கு வாங்க."

"காலெல்லாம் மண்ணு டீச்சர்."

"பெருக்கிக்கலாம், வாங்கக்கா."

உள்ளே எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். டீச்சர் அந்த அம்மாவையே கேட்டார். "இத யாருக்கா எடுத்தது?"

"குரூப்ல வந்துச்சி."

"குரூப்ல யாரு போட்டா?"

"என் ஓரகத்தி. அவளுக்குக் காணை ஊர்ல இருக்குற அவ தம்பி அனுப்புனான்."

"அவரு எடுத்தாரா?"

"இல்ல, அவனுக்கும் யாரோ..."

"பாண்டிச்சேரி பஸ்ஸு மாதிரி போய்க்கினே இருக்குது போல" என்றாள் பின்னால் நின்ற ஒருத்தி. பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள்.

டீச்சர் அந்த அம்மாவின் மகளையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தார். வீடியோவை நிறுத்தி, அதில் ஒரு படத்தை மட்டும் எடுத்துத் தேடச் சொன்னார். வந்து நின்ற வீடியோவில் அதே பாத்திரம், அதே அரிசி, ஆனால் புரியாத வேறு ஏதோ பாஷையில் பேச்சு, ரொம்பப் பழைய தேதி. எவனோ அதன் மேல் நம்ம ஊர்ப் பேச்சை ஒட்டியிருக்கிறான். அப்போதுதான் நானும் உற்றுப் பார்த்தேன்.

"இது எவர்சில்வரு. என் அண்டா அலுமினியமாச்சே!" என்றேன். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அந்த அம்மா லேசுப்பட்டவள் இல்லை. "வீடியோ பொய்யாவே இருக்கட்டும் டீச்சர். கிண்ணத்துல இருக்குறது இன்னா?"

"சரியான கேள்விக்கா" என்றார் டீச்சர். "எனக்கும் முழுசா தெரியாது. பார்த்துடலாம்."

தெரியாது என்று அத்தனை பேர் முன்னால் ஒரு டீச்சர் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். கம்ப்யூட்டரில் அரசாங்கத்தின் பக்கத்தைத் திறந்து, அது போதாதென்று ஒரு டாக்டர் எழுதியதையும் எடுத்து, இரண்டையும் அந்தப் பெண்ணையே சத்தமாகப் படிக்க வைத்தார். அரிசி மாவில் இரும்புச் சத்தும் வைட்டமினும் சேர்த்து, அரிசி மாதிரியே அச்சில் பிழிந்த மணிகளாம். லேசாக இருப்பதால் மிதக்குமாம். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, "நசுக்கிப் பாருங்க" என்று அந்த அம்மாவிடம் நீட்டினார்.

"மாவாப் போவுதே!" என்றாள் அவள். உடனே என் பக்கம் திரும்பினாள். "அப்ப நீ ஏம்மா சத்தையெல்லாம் கோழிக்குப் போட்ட?"

"கல்லு பொறுக்குற கைம்மா இது. எவனாவது வந்து சொன்னானா எனக்கு?" என்றேன்.

புத்தகத்தை எடுத்துக் கொடுத்துத் திரும்ப வாங்கி அடுக்குவதுதான் லைப்ரரி வேலை என்று எண்ணியிருந்தேன். வந்து குவிகிற பேச்சில் சொத்தை எது, நல்லது எது என்று புடைத்துக் காட்டுவதும் அந்த வேலைதான். அதுவும் தானே புடைக்காமல், முறத்தை அடுத்தவர் கையில் கொடுத்துப் புடைக்க வைக்கிறாரே, அதைத்தான் நான் மெச்சுகிறேன். என் சமையலை நானே மெச்சிக்கொள்வேன். அடுத்தவர் வேலையை அவ்வளவு சீக்கிரம் மெச்சுகிறவள் இல்லை.

அந்த அம்மா போனை வாய்க்கிட்டே வைத்துக் குரூப்புக்குப் பேச ஆரம்பித்தாள். "எல்லாரும் கேட்டுக்கோங்க, நான் ஸ்கூலுக்கே வந்து பார்த்துட்டேன். அது பிளாஸ்டிக் இல்ல. இத சாப்புட்டா ஒரு நோயும் கிட்ட வராதாம்..."

"அக்கா, நிறுத்துங்க" என்றார் டீச்சர். "நோயே வராதுன்னு யாரு சொன்னா?"

அவள் மகளைப் பார்த்தாள். மகள் இல்லையென்று தலையாட்டினாள். "சில வியாதிக்காரங்க டாக்டரைக் கேட்டுத்தான் சாப்பிடணும்னு கூட இதுல போட்டிருக்குதும்மா."

"நல்லத தானடி சொல்றேன்!"

"நல்லதா இருந்தாலும் தெரிஞ்சத மட்டும் சொல்லுங்கக்கா" என்றார் டீச்சர்.

அவள் முனகிக்கொண்டே அழித்துவிட்டு மறுபடி பேசினாள். இந்தத் தடவை நிறுத்தி நிறுத்தி, மகள் முகத்தைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சமாகத்தான் சொன்னாள். அனுப்பிவிட்டு, "போதுமா டீச்சர்?" என்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் முந்திக்கொண்டு போய் அண்டாவைத் திறந்தேன். வரிசையில் முதல் தட்டு அவள் மகளுடையது.