கரைக்கு இன்னும் ஒரு நாள்

கல்யாணமான பதின்மூன்று வருஷத்தில் லோகநாயகி தன் புருஷனிடம் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான். கப்பலில் போக வேண்டும்.

ஸ்ரீரங்கன் மீனம்பாக்கத்தில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. நாலு வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் பார்த்துவர சர்க்காரே டிக்கெட் கொடுக்கும். எல்.டி.சி. என்பார்கள். ஆபீசில் பாதிப் பேர் தாஜ்மகால் முன்னால் நின்று எடுத்த போட்டோவை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தார்கள். அவரும் டெல்லி, ஆக்ரா என்று எழுதிய விண்ணப்பத்தோடுதான் அன்றைக்கு அஸ்தினாபுரம் வீட்டுக்கு வந்தார். அது 1987, பிப்ரவரி மாதம்.

"அந்தமானுக்கும் இது செல்லுமா?" என்று லோகநாயகி கேட்டாள்.

"செல்லும். ஏன்?"

"கப்பல்ல போலாமே."

அவர் சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். லோகநாயகி பல்லாவரத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துப் பெண்களோடு மலை மேல் ஏறினால், மழை விட்ட நாட்களில் கிழக்கே கடல் ஒரு கோடாகத் தெரியும். அதில் கப்பல் போகிறதென்று ஒருத்தி சொல்வாள், இல்லையென்று இன்னொருத்தி சொல்வாள். அதற்குமேல் கப்பலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஸ்ரீரங்கன் அதிகம் பேசாத மனிதர். மறுநாள் வேறு விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டார்.

கீழ்க்கட்டளையிலிருந்து அவருடைய அக்கா தாயாரம்மாள் வந்து சத்தம் போட்டாள். "தண்ணியில மூணு நாளா? பொம்பள கேட்டான்னு ஆடறியே, உனக்குப் புத்தி எங்கடா போச்சு?" அவர் சிரித்துக்கொண்டு காபியை ஆற்றினார்.

ஏப்ரலில் ஒரே மகள் வேதாவுக்கு ஆறாம் வகுப்புப் பரீட்சை முடிந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் துறைமுகத்துக்குப் போனார்கள். டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் ஏணியில் பாதி ஏறியதும் ஸ்ரீரங்கன் நின்றார். இடது தோளைப் பிடித்துக்கொண்டார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"என்னங்க?"

"வாயு. பஸ்ல நசுங்கினது."

பின்னால் வந்த ஒருவன் பெட்டியைப் பிடுங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான். "நீ நட சார். இதெல்லாம் நம்ம வேலை." சிட்லபாக்கத்துக்காரன், பெயர் ஜெயவேலு, போர்ட் பிளேரில் கொத்தனார் வேலை. கீழ்த்தளத்தில் நூற்றுக்கணக்கான பேரோடு படுக்கை அவனுக்கு. இவர்களுக்கு மேலே கேபின். பெட்டியை வைத்துவிட்டு, "தலை சுத்திச்சின்னா எலுமிச்சம்பழத்த மோந்துகினே இரு அக்கா, ஒண்ணியும் ஆவாது" என்று சொல்லிப் போனான்.

கப்பல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக இருந்தது. படிக்கட்டுக்கு மேல் படிக்கட்டு. மணியடித்துச் சாப்பாடு போடும் கூடம். கேரம் போர்டு போட்ட ஹால். ஒரு தெருவையே தூக்கித் தண்ணீரில் விட்டது மாதிரி என்று அவளுக்குத் தோன்றியது. புதன்கிழமை காலையில் நாலு பக்கமும் கரை இல்லை. வேதா அப்பாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேல்தளமெல்லாம் சுற்றினாள். பறக்கும் மீன்கள் தண்ணீரிலிருந்து எழும்பி, வெள்ளியாய் மின்னி, தூரத்தில் விழுந்தன. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஸ்ரீரங்கன் குழந்தை மாதிரி எண்ணிக்கொண்டிருந்தார். ஆபீசிலும் வீட்டிலும் யாரும் பார்க்காத ஸ்ரீரங்கன் அவர். அன்று சாயங்காலம் லோகநாயகியின் பக்கத்தில் வந்து நின்று, "நீ சொன்னதுதான் சரி, லோகா. டெல்லியில என்ன இருக்கு" என்றார்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குக் கேபினில் ஷேவ் செய்துகொண்டிருந்தவர் கண்ணாடிக்கு முன்னால் சரிந்து விழுந்தார். வேதா ஹாலில் இருந்தாள். இரண்டு சிப்பந்திகள் ஓடிவந்து அவரைக் கப்பல் டாக்டரின் அறைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி போட்டார்கள், மூக்கில் குழாய் வைத்தார்கள். லோகநாயகி அவர் காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தாடையில் ஒரு பக்கம் சோப்பு நுரை அப்படியே இருந்தது. பதினோரு மணிக்கு டாக்டர் அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

கேப்டன் வந்து தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். மெதுவாக, அவளுக்குப் புரியும் இங்கிலீஷில் பேசினார். கரைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது. விரும்பினால் மரியாதையோடு கடலில் அடக்கம் செய்யலாம். இல்லையென்றால் குளிர் அறை ஒன்றைக் காலி செய்து வைத்திருந்து, கரையில் ஒப்படைக்கலாம்.

"கரைக்கு" என்றாள். அதற்குள் அவள் மனம் வேறெங்கோ போய்விட்டது. ஹாலிலிருந்து வேதா சிரிக்கும் சத்தம் கேட்டது. கேரம் காய் பலகையில் மோதும் சத்தம் கேட்டது. லோகநாயகி முகத்தைக் கழுவினாள். கலைந்த பொட்டை அழித்துப் புதிதாக வைத்துக்கொண்டாள். டாக்டரிடம் சொன்னாள்: "குழந்தைக்கு இப்ப சொல்ல வேண்டாம். யாரும் சொல்ல வேண்டாம்."

சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஓடிப்போய் அழுவதற்கு ஒரு வாசல் இல்லை, அக்கம்பக்கம் இல்லை. சுற்றிலும் தண்ணீர். இன்றைக்கு ஒரு நாளாவது அவளுக்கு அப்பா இருக்கட்டும் என்று அவள் நினைத்தாள். அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றிய ஒரே நல்ல காரியம் அதுதான்.

"அப்பாவுக்கு ஜுரம். டாக்டர் யாரையும் உள்ள விடலை" என்றாள். வேதா நம்பினாள். மதியம் மணி அடித்தது. தான் சாப்பிடாவிட்டால் குழந்தைக்குச் சந்தேகம் வரும் என்று லோகநாயகி அவளோடு உட்கார்ந்து சாம்பார் சாதம் சாப்பிட்டாள். தட்டில் போட்டதை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். இதை அவள் பின்னால் ஒருவரிடமும் சொன்னதில்லை.

சாயங்காலம் கப்பலோடு கூடவே பத்துப் பன்னிரண்டு டால்பின்கள் துள்ளிக்கொண்டு வந்தன. வேதா மூச்சிரைக்க ஓடிவந்தாள். "அம்மா, அப்பாகிட்ட சொல்லணும்! ஒரு நிமிஷம் வாசல்லேர்ந்து சொல்லிட்டு வந்துடறேன்."

"நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"நாளைக்கு அதெல்லாம் போயிடும்மா."

"எனக்குச் சொல்லு. நான் சொல்றேன்." வேதா ஒவ்வொன்றாக விவரித்தாள். லோகநாயகி தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

கீழ்த்தளத்துக்கு விஷயம் எப்படியோ போய்விட்டிருந்தது. ஜெயவேலு படியில் நின்றான். கண் சிவந்திருந்தது. "அக்கா, ஊர்ல எறங்கினா நீ ஒண்ணுக்கும் பயப்படாத. நம்ம ஆளுங்கோ கீறாங்கோ" என்றான். வேதா வருவதைப் பார்த்ததும் சட்டென்று திரும்பிக் கீழே போய்விட்டான்.

விடிந்ததும் தானே சொல்லிவிடுவதென்று லோகநாயகி தீர்மானித்திருந்தாள். பல் தேய்த்து, தலை வாரி, பால் குடிக்க வைத்து, மெதுவாக. ஆனால் வெள்ளிக்கிழமை காலை தீவுகள் தெரிய ஆரம்பித்ததும் கப்பலே மேல்தளத்துக்கு ஓடியது. பல் தேய்க்கப் போன வேதாவும் ஓடினாள். அங்கே முன்பின் தெரியாத ஒரு அம்மாள் அவளைக் கட்டிக்கொண்டு, "அப்பனை இப்படி நடுக்கடல்ல பறிகொடுத்துட்டு நிக்கிறியேடி கண்ணே" என்று அழுதாள்.

லோகநாயகி படியேறி வந்தபோது வேதா அந்த அம்மாளின் பிடியில் விறைத்து நின்றாள். அழவில்லை. அம்மாவைப் பார்த்து, "எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

"நேத்து."

"நேத்து எப்போ?"

லோகநாயகி அந்த அம்மாளின் கையை மெதுவாக விலக்கினாள்.

போர்ட் பிளேரில் ஜெயவேலு சொன்னபடி செய்தான். அவனோடு வேலை செய்கிறவர்கள் விறகு கொண்டுவந்தார்கள், பாடை கட்டினார்கள். லோகநாயகியின் அண்ணன் ராஜகோபாலனுக்குத் தந்தி போனது. அவர் வந்து சேர விமானத்தில் இடம் கிடைக்கவில்லை. சுடுகாட்டில் கொள்ளி வைப்பது யார் என்ற கேள்வி வந்தது. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"நான் வெக்கிறேன்க்கா" என்றான் ஜெயவேலு. "தம்பி மாரி நெனச்சிக்கோ."

அவன் தலையை மழித்துக்கொண்டு வந்து கொள்ளி வைத்தான். மூன்று நாளைக்கு முன்னால் ஏணியில் பெட்டி வாங்கிய பழக்கம், அவ்வளவுதான். திரும்பிப் போகும் கப்பல் ஒன்பது நாள் கழித்துத்தான் கிளம்பியது. அதுவரை அவனுக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் இவர்களைத் தங்கள் வீட்டில் வைத்துக்கொண்டது. திரும்பும் வழியில் மூன்று நாளும் வேதா கேபின் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தாள். வெளியே வந்து ஒரு தடவைகூடக் கடலைப் பார்க்கவில்லை.

அஸ்தினாபுரத்தில் தாயாரம்மாள் காத்திருந்தாள். "கப்பல்ல போலாம்னு சொன்னது யாரு? எந்தம்பிய கடல்ல கொண்டுபோய்க் கொன்னுட்டு வந்திருக்கா. யாரோ ஒரு கொத்தன் கொள்ளி வெச்சானாம்!" வாசலில் கூடியிருந்த காலனிக்காரர்கள் எல்லாருக்கும் அது கேட்டது. ஏணியில் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லியிருக்கலாம். மேல்தளத்தில் அவர் சொன்ன வார்த்தையைச் சொல்லியிருக்கலாம். லோகநாயகி இரண்டையும் சொல்லவில்லை. ஏணியைச் சொன்னால், அப்போதே ஏன் திரும்பவில்லை என்று அடுத்த கேள்வி வரும். அதை அவளே தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

எட்டு மாதம் கழித்துக் கருணை அடிப்படையில் அவர் ஆபீசிலேயே அவளுக்கு வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள். கோப்புக்கு நம்பர் போட, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டாள். காலையில் குரோம்பேட்டையில் ரயிலேறி மீனம்பாக்கத்தில் இறங்குவாள். வேதாவை பி.காம். வரை படிக்கவைத்தாள். பெண் கெட்டிக்காரி, மரியாதையானவள், வீட்டு வேலையில் பாதியைச் சொல்லாமலே செய்துவிடுவாள். ஆனால் அம்மாவிடம் தேவைக்குமேல் பேச மாட்டாள். ஜுரம் வந்தால்கூடத் தானே போய் டாக்டரைப் பார்த்து வருவாள். பரீட்சை ரிசல்ட்டை மாமாவிடம் முதலில் சொல்லுவாள்.

1997இல் வேதாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. பத்திரிகைக்குப் பெயர்கள் எழுதும்போது லோகநாயகி, "ஜெயவேலுவுக்கு ஒண்ணு" என்றாள். அவன் அதற்குள் சிட்லபாக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டிருந்தான்.

வேதா பேனாவைக் கீழே வைத்தாள். "அவருக்கு அன்னிக்கே தெரியும், இல்லையாம்மா?"

"எது?"

"அவருக்குத் தெரியும். கேப்டனுக்குத் தெரியும். என்கூட கேரம் ஆடின பசங்களுக்குத் தெரியும். சாயங்காலம் அவங்க எல்லாரும் வேணும்னே என்கிட்ட தோத்தாங்க. நான் கெட்டிக்காரின்னு நெனச்சுகிட்டு இருந்தேன்."

பத்து வருஷமாக லோகநாயகி எதிர்பார்த்த நாள் இது. பதிலும் தயாராகவே இருந்தது. "உனக்கு இன்னும் ஒரு நாள் அப்பா இருக்கட்டும்னு நெனச்சேன்" என்றாள்.

வேதா பட்டியலை ஓரமாக நகர்த்தினாள். பிறகு கோபமே இல்லாமல் சொன்னாள். "எனக்கு அந்த ஆட்டம் வேண்டாம்மா. நான் அப்பாகிட்ட உக்காந்திருப்பேன். உன்கூட உக்காந்திருப்பேன். நீ தனியா இருந்திருக்க வேணாம். அன்னிலேர்ந்து நாம ரெண்டு பேரும் தனித்தனியா ஆயிட்டோம்."

வேதா பேனாவை எடுத்து, பட்டியலில் ஜெயவேலுவின் பெயரை எழுதினாள்.

கல்யாணம் நடந்தது. ராஜகோபாலன் தாரை வார்த்துக் கொடுத்தார். ஜெயவேலு பெண்டாட்டியோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, வேதாவின் கையில் ஒரு கவரைக் கொடுத்துவிட்டுப் போனான். தாயாரம்மாள் அவன் இருந்த பக்கம் திரும்பவே இல்லை. வேதா புருஷனோடு நாக்பூருக்குப் போனாள். சனிக்கிழமை சாயங்காலம் பக்கத்து வீட்டுப் போனில் கூப்பிடுவாள். மழை பெய்ததா, கேஸ் வந்ததா, முட்டிவலி எப்படி என்று விசாரிப்பாள்.

பத்திரிகைக்குப் பெயர் எழுதிய அன்றைக்குப் பெண்ணிடம் என்ன பதில் சொல்லியிருக்கலாம் என்று லோகநாயகி ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து பல நாள் யோசித்திருக்கிறாள். ஒன்றும் தோன்றியதில்லை. அதற்குள் மீனம்பாக்கம் வந்துவிடும். சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள்.