டேப்பக்கா சுரண்டாமல் விட்ட இடம்

மற்றவர்கள் கையில் வளையல் கிடக்கும். டேப்பக்காவின் இடது கையில் கருப்பு டேப் சுருள்தான் கிடக்கும். ஒயரைச் சுற்றச் சுற்ற அது இளைக்கும், தீர்ந்ததும் அடுத்த சுருள் ஏறும். சாப்பிடும்போதுகூடக் கழற்ற மாட்டாள். இருபத்திரண்டு வருஷமாகக் கார்களுக்கு ஒயர் வேலை பார்க்கிறாள். வாய்தான் கொஞ்சம் நீளம். "பேட்டரி நல்லாத்தான் இருக்கு, உனக்குத்தான் லைட்டை அணைக்கத் தெரியல" என்று வந்தவன் முகத்துக்கு நேராகவே சொல்வாள். முறைத்துக்கொண்டு போனவனும் மறு மாசம் வருவான். அவள் போட்ட கட்டு அவிழ்ந்ததில்லை, அதுதான் காரணம்.

அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எர்த்து ஒயரை வண்டியின் உடம்பில் முறுக்குவதற்கு முன்னால், அந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து வெறும் தகடு பளபளக்க வைத்துவிடுவாள். "வெளிய போன கரண்டு வீடு திரும்பணும்ல? வாசலை பெயின்ட்டு அடைச்சிருந்தா எப்படித் திரும்பும்?" என்பாள். இந்தப் பிடிவாதத்தை ஒரே ஒரு தடவை விட்டாள். விட வைத்தவன் அவள் கொழுந்தன்.

கொழுந்தன் பக்கத்துக் கொட்டகையில் வண்டிகளுக்குப் பெயின்ட் அடிப்பவன். கை சுத்தம். வாய் அண்ணியை விட மோசம். அவன் பெண்டாட்டி, அதாவது டேப்பக்காவின் ஓரகத்தி, ஆஸ்பத்திரி நோயாளிகளை ஏற்றி இறக்கக் கார் ஓட்டுகிறாள். போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே அந்த வண்டி கொதித்துப் புஸ்ஸென்று ஆவி விட்டது. ரேடியேட்டர் ஃபேன் செத்துப் போயிருந்தது. ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்த பெரியவர் ஒருவர் வெயிலில் அரைமணி நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டிப் பொறுப்பாளர் கறாராகச் சொல்லிவிட்டார்: "புதன்கிழமை ரெண்டு மணிக்கு இதே இடத்துல ஏசி போட்டு அரைமணி நேரம் நிறுத்திக் காட்டுங்க. கொதிச்சா வேற வண்டி பாத்துக்கறோம்."

பெண்டாட்டியின் வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கொழுந்தன் தனக்குத் தெரிந்ததைச் செய்தான். வண்டி முழுக்க நீல பெயின்ட் அடித்தான். பானெட்டைத் திறந்தால் உள்ளேயும் கண்ணாடி மாதிரி நீலம். வண்டி கொதிப்பதற்கும் பெயின்ட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று யார் கேட்பது?

செவ்வாய்க்கிழமை, கடையில் வாங்கிய புது ஃபேனை மாட்ட டேப்பக்கா வந்தபோது அவன் குழைந்தான். "அண்ணி, உங்க கைக்கு ஈடு கிடையாது. ஒரு கீறல் மட்டும் விழாம பாத்துக்குங்க."

இத்தனை வருஷத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. டேப்பக்கா வெண்ணெயாக உருகிவிட்டாள். பைக்குள் உப்புத்தாளைத் தொட்ட கை வெறுங்கையாகத் திரும்பியது. மரை வழியாகப் போகிற கரண்டு போதும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பெயின்ட்டுக்கு மேலேயே எர்த்து போல்ட்டை இறுக்கினாள். தாட்சண்யம் தனநாசம் என்று சும்மாவா சொன்னார்கள்!

புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு எஞ்சினை ஓட விட்டார்கள். சூட்டு முள் மெல்ல ஏறியது. மூன்று தலையும் பானெட்டுக்குள். 'டக்'கென்று ஃபேனை முடுக்கும் ரிலே அடித்தது. ஃபேன் சுற்றியது. எப்படி? தூங்கி விழுகிறவள் விசிறுகிற மாதிரி.

"அக்கா, இது காத்து வீசுதா, கொட்டாவி விடுதா?" என்றாள் ஓரகத்தி.

முள் சிவப்பைத் தொடப் போனது. எஞ்சினை அணைத்தார்கள்.

"ஃபேனே சரியில்ல. டூப்ளிகேட்டைத் தலையில கட்டிட்டான்" என்றாள் டேப்பக்கா.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று கொழுந்தன் இழுத்தான். வெண்ணெய் உருக்கின வாய் ஒரே நாளில் பழைய வாயாகிவிட்டது.

டேப்பக்கா தன் கடையிலிருந்து ஒரு பேட்டரியைத் தூக்கி வந்து ஃபேனுக்கு நேராகக் கொடுத்தாள். அம்மாடி! விமானம் கிளம்புகிற மாதிரி ஓர் இரைச்சல். கொழுந்தன் தலையில் இருந்த துணித் தொப்பி பறந்து சாக்கடை ஓரம் போய் விழுந்தது.

"ஃபேனு நல்லாத்தான் இருக்கு" என்றாள் ஓரகத்தி. "இவரு தொப்பியே சாட்சி."

அப்படியானால் ஒயரில்தான் கோளாறு. ஃபியூஸை மாற்றினாள். ரிலேயை மாற்றினாள். பிளஸ் ஒயரைத் தடிமனாகப் போட்டாள். மறுபடி ஓட விட்டால் மறுபடி அதே கொட்டாவி. மணி பன்னிரண்டரை. ஓரகத்தி நகத்தைக் கடிக்க ஆரம்பித்திருந்தாள். டேப்பக்கா எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள், அந்த ஒரு போல்ட்டைத் தவிர. தெரியாமல் அல்ல. பார்த்தால் தன் மூக்குதான் உடையும் என்று தெரிந்து.

கடைசியில் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சோதனை பல்பை எடுத்தாள். ஒரு முனையை எஞ்சின் இரும்பில் மாட்டி, மறு முனையை ஃபேனின் எர்த்து ஒயரில் குத்தினாள். ரெண்டு பக்கமும் எர்த்து. பல்பு எரியவே கூடாது. பாதி வெளிச்சத்தில் எரிந்தது! போல்ட்டைத் தொட்டாள். விரல் சுட்டது. பெயின்ட் அடைத்த வாசலில் கரண்டு முட்டிக்கொண்டு நின்றது.

துண்டு ஒயரால் ஃபேன் எர்த்தை எஞ்சினோடு சேர்த்துப் பிடித்தாள். ஃபேன் உறுமியது. ஓரகத்தி குதித்தே விட்டாள்.

"தப்பு எம்மேலதான்" என்றாள் டேப்பக்கா. "உன் புருஷன் பேச்சுல மயங்கி, சுரண்டாம முறுக்கிட்டேன். இப்ப சுரண்டணும்."

கொழுந்தன் போல்ட்டுக்கு மேலே ரெண்டு கையையும் விரித்தான். "என் பொணத்து மேலதான். எஞ்சின்லயே கட்டி விட்டுடுங்களேன்!"

"எஞ்சின் நாள் முழுக்க ஆடும். ஒயர் எப்பவாவது அறுந்து போகும். அப்ப யாரு விசிறுவா, நீயா?"

"அப்ப பேட்டரிக்கு இழுங்க."

"பேட்டரி டிக்கியில கெடக்கு. அதுவே வண்டி உடம்பை நம்பித்தான் இருக்கு. கையை எடுடா."

"என்னங்க, பானெட்டை மூடிட்டா அதை யாரு பாக்கப் போறா?" என்றாள் ஓரகத்தி.

"நான் பாப்பேன்ல!"

"அந்தப் பெரியவர் சுவரைப் பிடிச்சிட்டு நின்னதையும் நான்தான் பாத்தேன். நீங்க பாக்கல."

அவன் கை தானாக இறங்கியது. பிறகு உப்புத்தாளுக்குக் கையை நீட்டினான். "குடுங்க அண்ணி. நீங்க தேச்சா ஏர் உழுத மாதிரி ஆயிடும்."

அவள் கைச் சுருளிலிருந்தே டேப் கிழித்துச் சுற்றிலும் ஒட்டி, போல்ட் இருந்த இடத்தை மட்டும் தேய்த்தான். காசு அளவுக்கு ஒரு வட்டம், காம்பஸ் வைத்து வரைந்தது போல. டேப்பக்கா போல்ட்டை இறுக்கி, துருப் பிடிக்காமல் சுற்றிலும் கிரீஸ் வைத்தாள்.

எஞ்சின் ஓடியது. முள் ஏறியது. 'டக்!' ஊ...வென்று பிடித்தது பாருங்கள்! டேப்பக்கா ஒரு செய்தித்தாளை முன்கம்பிக்கு அருகே கொண்டுபோனாள். கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போய் ஒட்டிக்கொண்டது. முள் நின்றது. பிறகு இறங்கியது.

"எறங்குது! அக்கா, எறங்குது!"

ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் மூன்று பேரும் இருந்தார்கள். பொறுப்பாளர் கடிகாரத்தைப் பார்த்தார், மூவரும் முள்ளைப் பார்த்தார்கள். ஃபேன் பிடிப்பதும் விடுவதுமாக அரைமணி ஓடியது. முள் பாதியைத் தாண்டவில்லை. "நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துடுங்கம்மா" என்றார் பொறுப்பாளர். ஓரகத்தி ஸ்டீயரிங்கை முத்தமிட்டாள்.

அவர் பானெட்டையும் திறந்து பார்த்தார். "இவ்வளவு அழகா அடிச்சிட்டு, இங்க மட்டும் ஏன் வட்டமா விட்டிருக்கீங்க?"

கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்தினான். "அது எர்த்து வாசல் சார். அதை நான்தான் திறந்து விட்டேன். இல்லேன்னா ஃபேனு கொட்டாவிதான் விடும்."

திறக்க விடாமல் தடுத்தவனே நீதானே என்று டேப்பக்காவுக்கு நாக்கின் நுனி வரை வந்தது. ஓரகத்தியின் முகத்தைப் பார்த்தாள், விழுங்கிக்கொண்டாள். வாழ்க்கையில் அது ரெண்டாவது தாட்சண்யம். போல்ட்டைத் தொட்டுப் பார்த்தாள். முன்னே மாதிரி சுடவில்லை.