செத்த ராக்கெட்டுக்குக் காவல்

பொழுது சாயும் நேரத்தில் ஸ்தனிஸ்லாஸ் காப்பிக் களத்தின் கட்டைச் சுவரில் தொலைநோக்கியை வைத்து, அது ஆடாமல் இருக்க ஒற்றைச் செருப்பைக் கழற்றி அடியில் முட்டுக் கொடுக்கிறான். செருப்பு போன காலைக் குளிருக்குப் பயந்து மற்றக் காலின்மேல் தூக்கி வைத்துக்கொள்கிறான். கொக்கு இந்தக் கோலத்தில் நின்றால் அதற்கு மீனாவது அகப்படும். இவன் காத்து நிற்பது செத்துப்போன ஒரு ராக்கெட்டுக்காக.

பொறியியல் கடைசி ஆண்டு. கூடப் படித்த பிள்ளைகள் பயிற்சிக்கென்று சேலத்துப் பட்டறைகளுக்கும் நூல் மில்லுக்கும் போய், பெரியவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துச் சான்றிதழோடு திரும்பினார்கள். ஸ்தனிஸ்லாஸ் விண்வெளிக் குப்பையைக் குறைக்கப் போனான். தொலைதூரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று அவனைப் பயிற்சி மாணவனாகச் சேர்த்துக்கொண்டு, ஒரு தொலைநோக்கியையும் நிறுத்துக் கடிகாரத்தையும் கையில் கொடுத்து, ஏற்காட்டுக்கே திருப்பி அனுப்பிவிட்டது. வருஷத்தில் பாதி நாள் முன்னால் போகிறவரின் முதுகு தெரியாமல் மூடுபனி அடைக்கும் மலைதான் வானம் பார்க்க வாகானது என்று முடிவு செய்தவர்களை அறிவில்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. பையனின் வீடு அங்கேயே இருக்கிறது; தங்க இடம் தேடித் தர வேண்டியதில்லை.

எரிந்து முடிந்த ராக்கெட் உருளைகள் பூமியைச் சும்மா சுற்றிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒன்று இவன் பங்கு. அந்தியில் அது ஒரு விண்மீனைத் தாண்டும் நேரத்தைக் குறித்து அனுப்ப வேண்டும். பல ஊர்களிலிருந்து வரும் நேரங்களைச் சேர்த்து, எந்தக் குப்பை எத்தனை காலம் மேலேயே கிடக்கும், இனிமேல் போகிறவற்றை எப்படிக் குப்பையாகாமல் தடுப்பது என்று நிலையம் யோசிக்கும். ஒண்டிக்கடை நாற்சந்தியில் எஸ்.டி.டி. பூத்து வைத்திருக்கும் ஹனீபாவுக்கு இதைப் பொறுமையாக விளக்கினான்.

"வேல முடிஞ்ச ராக்கெட்டுல மிச்ச எண்ணெய் கெடக்குமுங்க பாய். அது வெடிச்சா ஒரு குப்பை ஆயிரங்குப்பை ஆயிருமுங்க. மொதல்லயே அதத் தொறந்து உட்டுட்டா வெடிக்காதுங்க."

"நொம்ப சரி கண்ணு. முக்குல மீன்கடைக்காரன் கொட்டி வெச்சிருக்கானே, அது எப்ப வெடிக்குமுன்னு சொல்லு. கடைய முன்னாடியே சாத்திக்கறேன்."

மேலே பார்த்தே நடப்பதால், இந்த மலையில் அவன் தடுக்கி விழாத வேர் பாக்கி இல்லை. மஞ்சக்குட்டை ஊருக்குப் போகும் ஜீப்பில் தலையை வெளியே நீட்டி அண்ணாந்து உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, குமட்டல் என்று நினைத்த டிரைவர் எலுமிச்சம்பழத்தை மூக்கில் தேய்த்துவிட்டார். அதற்கும் நன்றி சொன்னான். பிடிக்காத வேலை எதைச் சொன்னாலும் அவனிடம் ஒரே பதில்தான். "வெறகு ஒடச்சுக் குடு சாமி" என்று அம்மா செல்வமேரி கேட்டால், "அது நம்ம பாதைல இல்லீங்கம்மா" என்பான். செல்வமேரி அந்த எஸ்டேட்டில் காப்பிப் பழம் எடுப்பவள். பிள்ளை வானத்தில் வேலை பார்ப்பதால், விறகையும் அவளே உடைக்கிறாள்.

கைக்கடிகாரத்தை வானொலி நேரத்துக்குத் திருத்தி வைக்கும்படி நிலையம் சொல்லியிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் யோசித்தான். வானொலியில் இருப்பது மனிதன், மனிதன் தவறுவான். எஸ்டேட் சங்கு மின்சார யந்திரம். யந்திரம் பொய் சொல்லாது. பிறந்ததிலிருந்து அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குப் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவன் வேறெப்படி யோசிப்பான்! மாலை ஐந்து மணிச் சங்கு கேட்டதும் முள்ளைத் திருகி ஐந்தில் வைத்துக்கொண்டு களத்துக்குப் போவான்.

நிலையம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ராக்கெட் வந்தது. மறுநாளும் முன்னால் வந்தது. உயரம் குறைந்து விழப்போகிற பொருள்தான் இப்படி முந்திக்கொண்டு வரும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஸ்தனிஸ்லாஸ் செருப்பைச் சுவரிலேயே விட்டுவிட்டு ஹனீபாவின் பூத்துக்கு ஓடி, கண்ணாடிக் கதவைச் சாத்த மறந்து, "சார், அது விழுகுதுங்க சார்!" என்று கத்தினான். ஒண்டிக்கடை முழுக்கக் கேட்டது. எழுபத்தொன்பதில் ஸ்கைலாப் விண்வெளிக்கூடம் தலையில் விழப்போகிறது, சாகுமுன் தின்றுவிடுவோம் என்று அடைகாத்த கோழியைக்கூட விட்டுவைக்காமல் குழம்பு வைத்த மலை இது. அன்றிரவும் கறிக்கடையில் கூட்டமென்று கேள்வி.

நிலையத்தில் இவனுக்கு வழிகாட்டியாக இருந்தவர் இரண்டு நாள் கழித்துப் பேசினார். "விழுகிற பொருள் நாளுக்கு நாள் அதிகமா முந்தும். உன்னோடது தினமும் ஒரே அளவு முந்துது. மத்த ஊர்லயெல்லாம் சரியான நேரத்துக்கு வருது. விழுந்தது ராக்கெட் இல்லப்பா, உன் கடிகாரம். எதைப் பார்த்து மணி வச்சே?"

அன்று மாலை ஹனீபாவின் வானொலியையும் சங்கையும் ஒன்றாகக் கேட்டபோது விளங்கியது. வானொலி ஐந்து மணி சொல்லி, ஒரு டீ ஆற்றிக் குடிக்கும் நேரம் கழித்தே சங்கு ஊதியது. சங்கு பிந்தினால் கடிகாரம் பிந்தும். கடிகாரம் பிந்தினால் ராக்கெட் முந்தும். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் சொன்னான்.

செல்வமேரி அடுப்பிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை. "ஏஞ்சாமி, காலைல சங்கு முந்தி ஊதும், சாயங்காலம் பிந்தி ஊதும். கெழவி கொமரி எல்லாத்துக்கும் தெரியும். நீ இந்த ஊர்லதான பொறந்த?"

"அப்பறம் ஏன் யாரும் கேக்கல?"

"கேட்டவங்க இப்ப வேற எஸ்டேட்டுல இருக்கறாங்க."

வழிகாட்டி ஒரு வழி சொன்னார். சங்கு எவ்வளவு பிந்துகிறது என்று ஒரு வாரம் அளந்து அனுப்பினால், பழைய நேரங்களோடு அதைக் கூட்டிக்கொள்ளலாம், பயிற்சி தேறிவிடும். "ஆனா எல்லா நாளும் ஒரே அளவா இருக்கணும். ஒருநாள் மாறினாலும் உன் மொத்த வேலையும் குப்பைதான். சான்றிதழ் கிடையாது."

சங்கின் சுவிட்ச், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் காளியப்பன் கையில் இருந்தது. ஒழுக்கமான மனிதர், என்றைக்கும் நிமிஷத்தைக் கூடக்குறையத் திருடமாட்டார். ஸ்தனிஸ்லாஸ் சிறிய டிரான்சிஸ்டரைக் காதில் அமுக்கிக்கொண்டு, சங்குக் கொட்டகைக்குப் பக்கத்துச் சில்வர் ஓக் மரத்தின் பின்னால் நின்று அளந்தான். வாரத்தின் நடுவில் காளியப்பன் மரத்தைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

"ஏந்தம்பி, ராக்கெட்டு இப்பெல்லாம் மரத்துக்குப் பின்னாடிதான் வருதா?"

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், ஒருநாள் மாறினால் எல்லாம் போய்விடும் என்பது உள்பட. காளியப்பன் கோபப்படவில்லை. தோளில் கை போட்டார்.

"இவ்வளவுதான? நம்ம ஊட்டுப் புள்ள படிச்சு மேல வரோணும். மிச்ச நாளைக்கும் அச்சுப்பிசகாம அதே மாதிரி ஊதறேன். அளந்துட்டுப் போ. எஸ்டேட் பேர மட்டும் எழுதாத. உனக்குச் சர்டிபிகேட்டும் ஆச்சு, உங்கம்மாளுக்கும் ஒரு தொந்தரவும் வராது."

இவ்வளவு பெரிய மனதுக்காரரை எப்படி மறுப்பது! வீட்டுக்கு வந்தவன் இதைச் சொன்னபோது செல்வமேரி அப்போதுதான் உள்ளே நுழைந்து, கால் சேற்றைக் கழுவிக்கொண்டிருந்தாள். தை மாதத்து இருட்டு சீக்கிரம் இறங்கிவிடும். சங்கு ஊதி, பழத்தை நிறுத்துப் போட்டு, எஸ்டேட் சரிவில் வருவதற்குள் பாதையில் காட்டெருமை வந்து நிற்கும். அது நகரும்வரை பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

"சரி சாமி" என்றாள். "உன்ற சர்டிபிகேட்டுக்கோசரம் நாங்க இன்னும் நாலு நாள் எருமைக்கு வழி உடறோம். அக்கம்பக்கத்துல சொல்லி வெக்கறேன், எங்கூட்டுப் பையன் வானத்தக் கூட்டறான், பொறுத்துக்குங்கன்னு."

ஸ்தனிஸ்லாஸ் அன்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டான். அவனை அப்படிப் பார்த்து வெகுநாளாயிற்று என்று செல்வமேரியே பிறகு சொன்னாள்.

மறுநாள் மாலை ஹனீபாவின் கடைப் பெரிய பேட்டரி வானொலியைத் தலையில் சுமந்துகொண்டு வந்தான். "எதுக்குடா கண்ணு அத்தனாம் பெருசு?" என்று ஹனீபா கேட்டபோது அவன் முக்கைத் தாண்டியிருந்தான். சில்வர் ஓக்கைத் தாண்டி, பெண்கள் பழம் எடுத்துக்கொண்டிருந்த வரிசைகளுக்கு நடுவே இருந்த பாறையில் பெட்டியை வைத்துக் குமிழைக் கடைசிவரை திருகினான். அரைத் தோட்டத்துக்குக் கேட்கும்படி அது கரகரத்தது. பிறகு ஐந்து மணியின் 'பீப், பீப்' வந்தது. பெண்கள் நிமிர்ந்தார்கள். கொட்டகை வாசலில் காளியப்பன் அத்தனை முகங்களையும் பார்த்தார். தன் கடிகாரத்தைப் பார்த்தார். கை தானாகச் சுவிட்சுக்குப் போயிற்று.

சங்கு ஊதத் தொடங்கும்போது ஸ்தனிஸ்லாஸ் நிறுத்துக் கடிகாரத்தைக் கழுத்திலிருந்து கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அம்மாவின் பழச் சாக்கைத் தன் தோளில் ஏற்றினான்.